பழைய கார், புது பம்பர்: ஒரு தகராறின் வரலாறு

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அன்று கொட்டிய மழையில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் கார்கள் தண்ணீருக்குள் நின்றன. தண்ணீர் வடிந்ததும் அடுத்த தொல்லை தொடங்கியது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு எஸ்டிமேட் போட்டார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி வேறொரு தொகை சொன்னது. இரண்டுக்கும் நடுவில் காருக்குச் சொந்தக்காரர் நின்றார். எனக்குத் தெரிந்த நாலைந்து பேர், "சார், நீங்க ஆபீஸ்ல இருந்தவர், ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க" என்று வந்தார்கள். கடிதம் எழுத வேண்டுமென்றால் விதி தெரிய வேண்டும். விதியைத் தேடப் போனவன், அது எப்படி வந்தது என்பதையும் படித்தேன். படித்ததில் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

வந்தவர்கள் எல்லோரும் முதலில் சொன்னது, "ஏமாத்தறாங்க சார்" என்பதுதான். ஏமாற்றுகிறவர்களும் உண்டு. கம்பெனியில் உண்டு, ஒர்க்‌ஷாப்பில் உண்டு, பாலிசிதாரர்களிலும் உண்டு. ஆனால் நியாயமாக நடக்கிற மூன்று பேர் சேர்ந்தாலும் இந்தத் தகராறு வரும். காரணம், இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. காரின் மதிப்பு என்ன? சேதத்தை அளப்பவர் யார்? அவர் அளந்து சொன்னதே கடைசி வார்த்தையா? இந்தியாவில் மோட்டார் இன்ஷூரன்ஸின் வரலாறு பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளுக்குக் காலத்துக்குக் காலம் சொல்லப்பட்ட பதில்தான்.

சட்டம் முதலில் நினைத்தது எதிராளியை

கட்டாய இன்ஷூரன்ஸ் என்பது காரைக் காப்பாற்ற வந்ததல்ல. கார் இடித்துக் கீழே விழுந்தவனுக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்தது. இங்கிலாந்தில் 1930 இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அதைப் பார்த்து இங்கே 1939 இல் மோட்டார் வாகனச் சட்டம் இயற்றினார்கள். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் பற்றிய எட்டாவது அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் கட்டாயப்படுத்தியது எதிராளிக்கான இன்ஷூரன்ஸை மட்டுமே, இன்றும் அப்படித்தான். நம் காரின் சேதத்துக்குத் தரப்படும் 'சொந்தச் சேதம்' பாலிசி நாமாக வாங்குவது. அது ஒரு ஒப்பந்தம். சாலை விபத்தில் உயிரிழந்தவர் குடும்பத்துக்கு நீதிமன்றம் காட்டும் பரிவை பம்பர் உடைந்தவர் எதிர்பார்க்க முடியாது. அங்கே பேசுவது ஒப்பந்தத்தின் வாசகம். பாலிசியைப் பிரித்துப் படிக்காமல் கிளைமுக்குப் போகிறவர் பாதித் தோல்வியோடு போகிறார்.

எதிராளியின் காரை நாம் இடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உயிருக்கும் காயத்துக்கும் 1988 சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. எதிராளியின் சொத்துச் சேதத்துக்கோ வெறும் 6,000 ரூபாய்தான் வரம்பாக இருந்தது. இன்றைக்கு ஒரு காரின் முன் விளக்குக்கே அது போதாது. தனியார் காரின் முழு பாலிசியில் அந்த வரம்பை 7.5 லட்சமாக வைத்திருந்தார்கள். ஆனால் 6,000 போதும் என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியத்தில் 100 ரூபாய் தள்ளுபடி இருந்தது. பிரீமியம் குறைந்தது என்று அந்தப் பெட்டியில் டிக் போடவைத்த ஏஜெண்டுகள் உண்டு. நூறு ரூபாயை மிச்சம் பிடித்தவர் அடுத்தவர் காருக்குக் கையிலிருந்து கட்ட நேரும்.

ஒரே விலைப்பட்டியல் காலம்

1972 இல் பொதுக் காப்பீட்டுத் தொழில் தேசியமயமாக்கப்பட்டது. 107 கம்பெனிகளை நாலாகத் தொகுத்து 1973 ஜனவரி 1 முதல் நடத்தினார்கள். நேஷனல் கல்கத்தாவில், நியூ இந்தியா பம்பாயில், ஓரியண்டல் டில்லியில், யுனைடெட் இந்தியா சென்னையில். பிரீமியமும் பாலிசியின் வாசகமும் டாரிஃப் அட்வைசரி கமிட்டி சொன்னபடிதான். நாலு கம்பெனிக்கும் ஒரே விலை, ஒரே நிபந்தனை. எங்கே போனாலும் ஒன்றுதான் என்பதால் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்து ரோடுகளில் ஓடியவை அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும். அம்பாசிடரின் பம்பர் இரும்பு. இடித்தால் நெளியும். டிங்கர் வேலை தெரிந்தவர் சுத்தியும் மரக்கட்டையும் வைத்துத் தட்டி நேராக்கிவிடுவார். மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் முடிந்தது. செலவில் பெரும்பகுதி கூலி. கூலியில் தேய்மானம் பிடிக்க முடியாது. ஆகவே தகராறும் சிறியதாகவே இருந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எடை குறைந்த கார், மெல்லிய தகடு, பிளாஸ்டிக் பம்பர். இடித்தால் நெளியவில்லை, உடைந்தது. உடைந்ததைத் தட்டி எடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். மெல்ல மெல்ல டிங்கரின் வேலை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனது. பில்லில் கூலி சுருங்கி, சாமான் விலை பெருத்தது. இன்றைய தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பழைய காரில் புதுச் சாமான் போடுகிறோம். புதுமையால் கூடிய மதிப்புக்கு யார் பணம் தருவது?

தேய்மானம் என்ற கத்தரி

இன்ஷூரன்ஸின் அடிப்படைக் கொள்கை ஒன்று உண்டு. நஷ்டமடைந்தவனை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு மேல் லாபம் தரக்கூடாது. ஐந்து வருடம் ஓடிய பானெட் நசுங்கியது, அதற்குப் பதிலாகப் புது பானெட் வந்தால் உனக்கு லாபம், அந்த லாபத்தை நீ கொடு என்கிறது கம்பெனி. வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்க்காரர் புது பானெட்டைக் கேட்கவில்லையே! பழைய பானெட் கடையில் கிடைத்தால் அதையே மாட்டிக்கொண்டு போயிருப்பார்.

எவ்வளவு கழிப்பது என்பதைச் சர்வேயரின் மனப்போக்குக்கு விடாமல் டாரிஃபில் எழுதிவைத்தார்கள். 2002 ஜூலை 1 முதல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபின் அட்டவணையைத்தான் இன்றும் பெரும்பாலான சாதாரண பாலிசிகளில் பார்க்கிறோம். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதம் கழிவு. ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. உலோக பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்து: ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, ஒரு வருடம் வரை 5, இரண்டு வருடம் வரை 10, மூன்று வரை 15, நாலு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம். பெயிண்டில் பொருளுக்கு மட்டும் 50 சதவீதம். பில்லில் பொருளையும் கூலியையும் பிரித்துக் காட்டாவிட்டால் மொத்தத்தில் 25 சதவீதத்தைப் பொருள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாலரை வயதுக் கார். பிளாஸ்டிக் பம்பர் 8,000, பானெட் 12,000, முன் கண்ணாடி 6,000, பெயிண்டிங் மொத்தமாக 10,000, மற்ற கூலி 9,000. ஆக 45,000 ரூபாய் பில். வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை. பம்பரில் 4,000 போகும். பானெட்டில் 35 சதவீதம், 4,200. பெயிண்டில் பொருள் 2,500 என்று கொண்டு அதில் பாதி 1,250. கண்ணாடியிலும் கூலியிலும் கழிவில்லை. கழிவு 9,450. கட்டாயமாக நாமே ஏற்க வேண்டிய தொகை 1,000. கையில் வருவது 34,550 ரூபாய்.

இந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். கம்பெனி தரும் தொகை இதற்குக் கிட்டத்தட்ட இருந்தால் சண்டை போடுவதில் பயனில்லை. மிகவும் குறைந்தால் எந்த வரியில் குறைந்தது என்று பார்க்க வேண்டும். பெயிண்டிங் மொத்தத்தில் பாதியைக் கழித்திருந்தாலோ, கண்ணாடியில் கழித்திருந்தாலோ, கூலியில் கழித்திருந்தாலோ அது பிழை. அந்த வரியைக் குறிப்பிட்டு எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

கார் மொத்தமாகப் போய்விட்டால்

திருட்டுப் போன கார், சரிசெய்ய முடியாமல் நசுங்கிய கார் ஆகியவற்றில் தகராறு இன்னும் பெரியது. 2002 க்கு முன்பு பாலிசி எடுக்கும்போது காரின் மதிப்பை நாமே உத்தேசமாக எழுதுவோம். அந்த மதிப்புக்குப் பிரீமியம் வாங்கிக்கொள்வார்கள். கார் போனபின், "எழுதிய மதிப்பு இருக்கட்டும், சந்தை மதிப்புத்தான் தருவோம்" என்பார்கள். சந்தை மதிப்பை யார் சொல்வது? கம்பெனி அனுப்பும் ஆள். மூன்று லட்சத்துக்குப் பிரீமியம் கட்டியவரிடம் இரண்டு லட்சம் நீட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்?

2008 இல் இத்தகைய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாலிசி தரும்போது ஒரு மதிப்பை ஒப்புக்கொண்டு பிரீமியம் வாங்கிய கம்பெனி, சில மாதங்களில் அதே வண்டிக்குப் பாதி விலை சொல்ல முடியாது என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் 2002 டாரிஃப் இந்தப் பிரச்சினைக்கு ஒரு விடை கண்டிருந்தது. அதுதான் ஐ.டி.வி. என்று பாலிசியில் அச்சிட்டிருக்கும் தொகை. அதே கார் இன்று புதிதாக என்ன விலையோ அதில் வயதுக்கேற்பக் கழிக்க வேண்டும். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நாலு வரை 40, ஐந்து வரை 50. அதற்கு மேற்பட்ட வயதுக் காருக்கு இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். அப்படி எழுதிய தொகையே அந்த ஒரு வருடத்துக்குச் சந்தை மதிப்பு. பின்னால் பேரம் இல்லை.

பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு நஷ்டம் என்று கொள்ள வேண்டும். இந்த 75 என்ற கோடு சச்சரவுக்குரிய இடம். ஒர்க்‌ஷாப்பில் 78 சதவீதம் எஸ்டிமேட் போடுகிறார்கள். சர்வேயர் 71 என்கிறார். ஒரு பக்கம் முழுத் தொகை வாங்கிக்கொண்டு வேறு கார் வாங்கலாம். மறுபக்கம் ஒட்டுப்போட்ட காரோடு வாழ்க்கை நடத்த வேண்டும். முழு நஷ்டம் என்று ஒப்புக்கொண்டாலும் உடைந்த காருக்கு ஒரு விலை போட்டு, "வண்டியை நீங்களே வெச்சிக்குங்க, இவ்வளவு கழிச்சிக்கிறோம்" என்பதும் உண்டு. அந்த விலை காயலாங்கடையில் கிடைக்கும் விலையைவிடக் கூடுதலாக இருந்தால், வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன், எங்கள் சொந்தக்காரர்களில் பலர் பாரிஸ் பக்கம் குடியேறியவர்கள். அதனால் அங்கே என்ன ஏற்பாடு என்றும் விசாரித்தேன். பிரான்சில் கார் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கிய சட்டம் 1958 பிப்ரவரி 27 ஆம் தேதி வந்தது. எங்கள் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டதால் அதை நாங்கள் பார்க்கவில்லை. அங்கேயும் தேய்மானம் உண்டு, 'வெத்யுஸ்தே' என்பார்கள். தமிழ்க் காதுக்கு 'வெத்து' என்று விழும், பொருளும் அவ்வளவு தூரமில்லை! சேதத்தை மதிப்பிடுகிறவருக்கு அங்கே 'எக்ஸ்பேர்' என்று பெயர், அந்தத் தொழிலை 1972 இல் தனிச் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தினார்கள். காரின் மதிப்பை அங்கே முன்கூட்டி அட்டவணையால் கட்டிவைப்பதில்லை. அதே மாதிரி இன்னொரு காரைச் சந்தையில் வாங்க என்ன ஆகும் என்று விபத்துக்குப் பின் எக்ஸ்பேர் சொல்ல வேண்டும். அவர் சொன்னது பிடிக்கவில்லையென்றால் நம் செலவில் இன்னொரு எக்ஸ்பேரை அமர்த்தலாம். இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஒருவர். செலவு பிடிக்கும் வழிதான். ஆனாலும் அளப்பவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் உண்டு என்பதை அவர்கள் நடைமுறையாகவே வைத்திருக்கிறார்கள்.

சர்வேயர் என்ன கடவுளா?

நம் நாட்டில் அந்த எதிர்ச்சொல்லுக்கு இடம் உண்டா? சட்டத்தைப் பார்ப்போம். 1938 ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 1968 இல் ஒரு திருத்தம் செய்து 64யு.எம். என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சர்வேயர்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்பது அப்போது வந்தது. அந்தப் பிரிவில் நெடுங்காலம் இருந்த வரம்பு 20,000 ரூபாய். அந்தத் தொகைக்கு மேற்பட்ட கிளைமை லைசென்ஸ் பெற்ற சர்வேயரின் அறிக்கை இல்லாமல் கம்பெனி ஒப்புக்கொள்ளக் கூடாது. பின்னாளில் வரம்பை உயர்த்தினார்கள்.

அதே பிரிவில் இன்னொரு வாசகமும் இருக்கிறது. சர்வேயர் மதிப்பிட்ட தொகைக்கு மாறான ஒரு தொகையைத் தருவதற்குக் கம்பெனிக்கு உள்ள உரிமை இதனால் போய்விடாது என்கிறது. கம்பெனி கவுண்டரில், "சர்வேயர் போட்டுட்டார் சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்வதை எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்! முடியும் என்று சட்டமே சொல்கிறது. சர்வேயர் கம்பெனியின் சம்பளக்காரர் அல்ல, ஆனால் அவருக்கு ஃபீஸ் கொடுப்பது கம்பெனி. இந்த நிலையில் உள்ள ஒருவரின் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டுமென்று யாரும் விதி செய்யவில்லை.

2009 இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சர்வேயரின் அறிக்கை தீர்வுக்கு அடிப்படையாக இருக்கலாம், ஆனால் அது மாற்ற முடியாத கடைசி வார்த்தை அல்ல, கம்பெனியையும் கட்டாது, பாலிசிதாரரையும் கட்டாது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு இன்னொரு வழக்கில், தனக்குப் பிடித்த அறிக்கை வரும்வரை சர்வேயர் மேல் சர்வேயராகக் கம்பெனி அனுப்பிக்கொண்டிருக்க முடியாது, இரண்டாவது ஆளை அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. அறிக்கையை உடைக்க விரும்புகிறவர் ஆதாரத்தோடு வர வேண்டும். வெறும் கோபம் போதாது.

இதை நான் நேரில் பார்த்தேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரை கடந்தது. என் மனைவியின் தம்பி வீட்டு வாசலில் நின்ற காரின் கூரைமேல் வேப்பமரம் சாய்ந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் கூரைத் தகட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். சர்வேயர் வெளியிலிருந்து பார்த்துவிட்டு டிங்கரிங் பண்ணினால் போதும் என்று எழுதினார். வித்தியாசம் இருபதாயிரத்துக்கு மேல். "போகட்டும் மாமா, குடுக்கறத வாங்கிக்கலாம்" என்று அவன் சலித்துக்கொண்டான். நான் விடவில்லை. ஒர்க்‌ஷாப் மேஸ்திரியிடம், "தகட்டைக் கழட்டிப் பார்க்காம எப்படிங்க சொல்றது?" என்று கேட்டேன். அவர், "அதான் சார், உள்ள பில்லர் வளைஞ்சிருக்கு, கழட்டினாதான் தெரியும்" என்றார். உள் லைனிங்கைக் கழட்டச் சொல்லி, வளைந்த இடத்தைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, மேஸ்திரியிடம் ஒரு குறிப்பும் எழுதி வாங்கி, மறு ஆய்வு வேண்டும் என்று கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். பத்து நாள் பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினோம். அதே சர்வேயர் திரும்ப வந்தார், பார்த்தார், "அன்னிக்கு இது தெரியல" என்றார். கூடுதலாக மதிப்பீடு போட்டுக் கொடுத்தார். கேட்டது முழுவதும் வரவில்லை, பெரும்பகுதி வந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. புயலுக்குப் பின் ஒரு நாளைக்கு எத்தனை கார் பார்த்திருப்பாரோ.

தண்ணீரும் எஞ்சினும்

ஃபெஞ்சலில் என்னிடம் வந்தவர்களின் வழக்கு வேறு வகை. புயலும் வெள்ளமும் சொந்தச் சேத பாலிசியில் அடங்கும். சீட் நனைந்தது, வயரிங் போனது என்றால் பெரிய தகராறு இல்லை. எஞ்சின்தான் சிக்கல். காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் அந்த நிலையில் சாவியைத் திருப்பக்கூடாது. காற்றை பிஸ்டன் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் எஞ்சின் பிளாக்கே உடையும். உடனே கம்பெனி சொல்கிறது: தண்ணீர் புகுந்தது வெள்ளத்தால், அதற்குத் தருகிறோம். ராடு வளைந்தது நீங்கள் ஸ்டார்ட் செய்ததால், அது பின்விளைவு நஷ்டம், பாலிசியில் விலக்கு.

2007 ஜனவரி 1 முதல் சொந்தச் சேதப் பிரீமியத்துக்கான கட்டுப்பாட்டு விலை நீங்கியது. கம்பெனிகள் போட்டி போட்டுத் தள்ளுபடி தந்தன. 2009 முதல் கூடுதல் பிரீமியம் வாங்கிக் கூடுதல் பாதுகாப்பு விற்க அனுமதி கிடைத்தது. தேய்மானம் பிடிக்காத 'ஜீரோ டெப்' வந்தது அந்த வழியில்தான். எஞ்சினுக்கான தனிப் பாதுகாப்பும் அப்படியே. அதாவது, பழைய தகராறுகளைத் தீர்த்துவைப்பதற்குப் பதில் ஒவ்வொன்றையும் ஒரு விலை போட்டு விற்கத் தொடங்கினார்கள். கடலோரத்தில், தாழ்வான தெருவில் குடியிருப்பவர்கள் எஞ்சின் பாதுகாப்பை வாங்குவது நல்லது என்பேன். அது இல்லாதவர், தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாமல் கயிறு கட்டி இழுத்துப் போக வேண்டும், நிற்கும்போதே தண்ணீர் மட்டம் தெரிய போட்டோ எடுத்துவைக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யவில்லை என்பதைப் பிறகு காட்ட அது உதவும்.

நியாயம் கேட்கும் வாசல்கள்

1986 வரை கம்பெனியோடு மல்லுக்கு நிற்க சிவில் கோர்ட்தான் வழி. கோர்ட் கட்டணம், வக்கீல், வாய்தா. பத்தாயிரம் ரூபாய்க்காக யார் போவார்? அந்த ஆண்டு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'சேவை' என்பதற்குள் இன்ஷூரன்ஸையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சாதாரண மனிதர்கள் கேஸ் போட ஆரம்பித்தார்கள். இன்று நமக்குப் பயன்படும் பல தீர்ப்புகள் அந்த வழியில் மேலே போனவை.

1996 இல் ஒன்று. சரக்கு வண்டியில் ஆறு பேருக்கு அனுமதி, ஒன்பது பேர் ஏறியிருந்தார்கள். எதிரே வந்த வண்டியோடு மோதல். ஆள் கூடுதல் என்று கம்பெனி கைவிரித்தது. கூடுதல் ஆட்களால் விபத்து நேரவில்லை, இந்த மீறல் ஒப்பந்தத்தையே ஒழிக்கும் அளவுக்கு அடிப்படையானதல்ல என்று உச்ச நீதிமன்றம் கிளைமை அனுமதித்தது. 2008 இலும் 2010 இலும், சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு விட்டது போன்ற மீறல் இருந்தாலும், முழுவதும் மறுக்காமல் 75 சதவீதம் தரலாம் என்ற வழியை ஏற்றுக்கொண்டது. "கண்டிஷன் மீறிட்டீங்க, ஒண்ணும் கிடையாது" என்று கவுண்டரில் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன்.

இன்னொரு வாசல் ஆம்பட்ஸ்மன், 1998 இல் வந்தது. ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுதிவிட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். எங்கள் யூனியன் பிரதேசத்தின் விசித்திரம் இதிலும் உண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் சென்னை ஆம்பட்ஸ்மனுக்குக் கீழ், மாஹே கேரளத்துக்குரியவரிடம், ஏனாம் ஹைதராபாத்துக்கு. பிரெஞ்சுக்காரர்கள் சிதறி வாங்கிய நிலம் இன்றைக்கும் பைல்களைச் சிதறடிக்கிறது!

கடைசியாக ஒரு காகிதம் பற்றிச் சொல்லியாக வேண்டும். பணம் தருமுன், 'முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்துப் போட்டவர் பிறகு வழக்கே போட முடியாது என்று நெடுநாள் வாதாடினார்கள். 1999 இல் உச்ச நீதிமன்றம், கையெழுத்தை நிர்ப்பந்தத்தாலோ ஏமாற்றியோ வாங்கியிருந்தால் அது வழக்கைத் தடுக்காது என்றது. ஆனால் நிர்ப்பந்தத்தை நிரூபிக்க வேண்டியது கையெழுத்துப் போட்டவர். 2015 இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும், இந்த ரசீதைக் காட்டிப் பாலிசிதாரரின் உரிமையை மறிக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆகவே பணம் அவசரமாகத் தேவை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே, குறைவாகத் தந்திருக்கிறீர்கள், மீதிக்கான என் உரிமையை விடவில்லை என்று ஒரு கடிதமோ ஈமெயிலோ அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதும் கடிதத்துக்கு அந்த மதிப்பு இராது.

என்னிடம் வந்தவர்களில் ஒருவருக்கு அட்டவணைப்படியே கொடுத்திருந்தார்கள். கணக்கைக் காட்டினேன், சமாதானமாகப் போனார். இன்னொருவருக்குப் பெயிண்டிங் மொத்தத்தில் பாதியைக் கழித்திருந்தார்கள். அந்த ஒரு வரியை மட்டும் குறித்து எழுதினோம், திருத்திக் கொடுத்தார்கள். எஞ்சின் போனவர் ஆம்பட்ஸ்மனுக்கு எழுதியிருக்கிறார். அவருடைய போட்டோக்களில் தண்ணீர் மட்டம் தெளிவாக இருக்கிறது, இழுத்துப் போன வண்டிக்காரரின் ரசீதும் இருக்கிறது. விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.